இடது தோளில் போட்ட ஊசி

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் என்னைப் பார்ப்பவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "என்ன சீக்குன்னு சொன்னாங்க?" சோளக்காடு என்ற எங்கள் மலையூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்கிறார்கள், நான் பாதி சொல்வதற்குள் பஸ் வந்துவிடுகிறது. மீதியை அவரவர் இஷ்டத்துக்குச் சேர்த்துக்கொண்டு போகிறார்கள். போன வாரம் ஒருவர், எனக்கு எலும்பு கரைகிற வியாதி என்று என்னிடமே சொன்னார். இனி யாருக்கும் வாயால் சொல்வதில்லை என்று முடிவுசெய்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். உட்காருவது எனக்குப் பிடிக்காத வேலை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் மலைமேல் பல ஊர்கள் சேர்ந்த வளப்பூர் நாட்டில் தபால்காரன். பெயர் செல்லமுத்து. பன்னிரண்டு வருஷமாக மிளகுத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கிக் கடிதம் கொடுத்தவன். மெதுவாக நடப்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். "இந்த மனுசன் காலுக்குள்ள பம்பரத்த உட்டு வச்சிருக்குது" என்பாள் என் மனைவி ராசாத்தி.

அந்தக் கால்தான் முதலில் என்னை ஏமாற்றியது. இரண்டாயிரம் பிறக்கப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. குந்தி உட்கார்ந்து தபால் பிரித்தால் எழுந்திருக்க முடியவில்லை. தொடையில் கையை ஊன்றி, உடம்பின் மேலேயே ஏறுவதுபோலத்தான் எழ வேண்டியிருந்தது. பிறகு பஸ் படி ஏற முடியவில்லை. பிறகு பையைத் தோளில் மாட்டக் கை மேலே போகவில்லை. வலி ஒன்றும் இல்லை. வலித்திருந்தாலாவது வைது தீர்த்திருப்பேன்.

எனக்கு முன்னால் என் அண்ணனுக்கும் இதே மாதிரிதான் ஆரம்பித்தது. முதலில் இடுப்பை ஆட்டி நடந்தார். நாற்பது வயதில் சுவரோரம் உட்கார்ந்தவர் அதன்பின் எழவே இல்லை. அவர் போய்ச் சேர்ந்தபோது தூக்கியவர்கள், உடம்பில் கனமே இல்லை என்றார்கள். ஆகவே என் கால் மடங்கியபோது எனக்கு அண்ணனின் இடுப்புதான் ஞாபகம் வந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் கூடவே வந்தது. என் மகள் கனகாவுக்கு அப்போது ஒன்பது வயது. ஓடும்போது அடிக்கடி விழுவாள். குழந்தைகள் விழத்தான் செய்யும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு அவள் நடக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து அவள் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே என் மச்சான் பெரியசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராசாத்தியின் அண்ணன், எனக்குத் தாய்மாமன் மகன். ராசாத்தியும் நானும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். மச்சான் ஒரு காலத்தில் அடிவாரத்து டவுனில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். டாக்டர் காலமான பிறகு சோளக்காட்டுக்கு வந்து, டீக்கடைக்குப் பின்னால் ஒரு பெஞ்சும் மேசையும் போட்டு ஊசி போடத் தொடங்கினார். படிப்பும் சர்டிபிகேட்டும் கிடையாது. கை மட்டும் சுத்தம். எங்கள் மலையில் மாத்திரை கொடுப்பவரை யாரும் வைத்தியர் என்று ஒத்துக்கொள்வதில்லை, ஊசி போட வேண்டும். மச்சான் எல்லாவற்றுக்கும் போட்டார். எனக்கும் சத்து ஊசி என்று வாரம் தவறாமல் போட்டார். வலது தோளில் தபால் பை தொங்கும் என்பதால் எப்போதும் இடது தோளில், ஒரே இடத்தில். இரண்டு மாதம் போட்டும் கை மேலே போகாதபோது அவரே, "மாப்ள, இது என்ர ஊசிக்கு அடங்குற சீக்கு இல்லீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார்.

எங்கள் உத்தியோகத்தில் லீவு வேண்டுமென்றால் பதில் ஆளை நாமே கொடுக்க வேண்டும். அந்த ஆள் செய்யும் தப்புக்கும் நாமே பொறுப்பு. வேறு யாரை நம்புவது? ராசாத்தி பத்தாவது வரை படித்தவள். பையை அவள் தோளில் மாட்டிவிட்டு நானும் மச்சானும் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினோம். ஏறினோம் என்று எழுதிவிட்டேன். மச்சானும் கண்டக்டரும் என்னைத் தூக்கி உள்ளே வைத்தார்கள்.

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்கிக்கொண்டிருந்தபோது மச்சான் என் காதருகில் வந்தார். "மாப்ள, அங்க நான் ஊசி போட்டத மட்டும் சொல்லிப்போடாதீங்க. எழுதி வெச்சுட்டாங்கன்னா என் பொழப்பு போயிரும். ஊட்ல நாலு உசுரு இருக்குது."

"நான் எதுக்குங்க சொல்லப் போறேன்?" என்றேன்.

ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த பெரிய தண்டனை காத்திருத்தல். ஒரு ஹாலில் ஐம்பது பேர் உட்கார்ந்திருப்போம். நான் மட்டும் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருப்பேன். "ஏனுங்க, உக்காந்து தொலைங்களேன், பாக்கறவங்களுக்கே தலை சுத்துது" என்று ஒரு அம்மாள் சண்டைக்கே வந்துவிட்டார். நடக்க முடியாமல் போகிற வியாதிக்கு வந்தவன் ஓயாமல் நடக்கிறானே என்று அவருக்குச் சந்தேகம். இருக்கிற நடையை நடந்து தீர்த்துவிட வேண்டும் என்கிற அவசரம் எனக்கு.

என்னைப் பார்த்த டாக்டரம்மா நரம்பு, தசை இரண்டுக்கும் பெரிய டாக்டர். மாணவர்களுக்குப் பாடமும் எடுப்பவர். முதலில் ரத்தம் எடுத்தார்கள். தசை சிதைந்தால் அதற்குள் இருக்கும் சி.பி.கே. என்ற நொதி ரத்தத்தில் கசியுமாம்; எனக்கு அது அளவுக்கு மேல் பல மடங்கு இருந்தது. அடுத்து வலது கையிலும் வலது தொடையிலும் மெல்லிய ஊசியைக் குத்தி, தசைக்குள் ஓடும் மின்சாரத்தைப் பெட்டியில் பார்த்தார்கள். பெட்டி மழைக்காலத்து ரேடியோ மாதிரி கரகரத்தது. கடைசியாகத் தசையில் சின்னத் துண்டு வெட்டிப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்குப் பயாப்ஸி என்று பேர்.

"ரெண்டு விதமா இருக்கலாம் செல்லமுத்து," என்றார் டாக்டரம்மா. "ஒண்ணு, உடம்போட காவல் செல்லுங்களே தப்பா தசையைத் தாக்கறது. அழற்சின்னு சொல்வோம். மாத்திரை குடுத்தா அடங்கும். பிள்ளைக்கு வராது. இன்னொண்ணு, பிறவியிலேயே வர்ற ஜீன் கோளாறு. அதுக்கு இன்னிக்கு மருந்து இல்ல. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டருந்தும் பழுது வந்தாத்தான் பிள்ளைக்கு வரும், சொந்தத்துல கட்டினா அதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. நீங்க சொந்தத்துல கட்டியிருக்கீங்க. உங்க அண்ணனுக்கும் இருந்திருக்கு. ரெண்டாவதா இருந்தா உங்க பொண்ணையும் பாக்கணும்."

பிறகு, வலது பக்கம் மின்சார ஊசி குத்தியிருப்பதால் இடது தோளில் வெட்டலாம் என்றார். "இந்தக் கையில ஒரு மாசத்துக்குள்ள ஊசி ஏதாவது போட்டுக்கிட்டீங்களா?"

மச்சான் என் பக்கத்தில் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"இல்லீங்க," என்றேன்.

அந்தக் கேள்வியை அவர் ஏன் கேட்கிறார் என்று நான் யோசிக்கவே இல்லை. ஊசி போட்டுக்கொண்டால் திட்டுவார்கள், அதற்காகத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா சிரித்த முகத்தோடு கட்டிலருகே வந்தார். துண்டில் அழற்சி தெரிகிறதாம். அதோடு புதுத் தசை நிறைய முளைத்துக்கொண்டிருக்கிறதாம். "நல்ல செய்திதான். பொண்ணுக்குப் பயம் வேண்டாம்." அந்த ஞாயிற்றுக்கிழமை ராசாத்தி கனகாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். சனிக்கிழமைத் தபாலைக் கொடுத்து முடித்துவிட்டு, அப்படியே பஸ் ஏறி வந்தவள். விஷயத்தைச் சொன்னதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கனகா வார்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினாள். நர்ஸ் அதட்டினார். "ஓடட்டும் விடுங்க சிஸ்டர்" என்றேன். அன்றைக்கு மாதிரி நான் எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை.

மறுநாள் காலை டாக்டரம்மா ஏழெட்டு மாணவர்களோடு வந்து, என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து மைக்ராஸ்கோப் அறைக்குக் கூட்டிப்போனார். மச்சான் தள்ளிக்கொண்டு வந்தார். "உங்க தசையை நீங்களே பாருங்க" என்று என்னையும் குனியச் சொன்னார். சிவப்பு இழைகள் தெரிந்தன. நடுநடுவே சின்னதாக நீலம் பாய்ந்த இழைகள். அவைதான் புதிதாகப் பிறந்தவையாம்.

அவர் மாணவர்களுக்குச் சொன்னதை எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன். ஒவ்வொரு தசை இழையின் ஓரத்திலும் சில செல்கள் ஒட்டிக்கொண்டு தூங்குகின்றன. ஸ்டெம் செல் வகையைச் சேர்ந்தவை. தசைக்கு அடிபட்டால் விழிக்கும், பெருகும். ஆனால் பெருகினால் மட்டும் தசை ஆகிவிடாது. அவற்றுக்குள் ஆணையிடும் ஜீன்கள் சில இருக்கின்றன. ஒன்று, 'நீ இனி தசைதான், வேறு எதுவும் இல்லை' என்று முடிவுசெய்கிறது. பின்னால் வரும் ஒன்று, 'பெருகியது போதும், எல்லாரும் ஒன்று சேர்ந்து இழையாகுங்கள்' என்கிறது. அது சொன்ன பிறகுதான் தனித்தனிச் செல்கள் உருகி ஒட்டி நீண்ட இழை ஆகின்றன. முதலில் சொன்ன ஆணை எவ்வளவு வலியது என்றால், சோதனைச்சாலையில் தோல் ரகச் செல்லுக்குள் அந்த ஜீனை வைத்தால் அதுவும் தசையாக மாறத் தொடங்குமாம். எனக்கு எங்கள் டிபார்ட்மெண்ட்தான் ஞாபகம் வந்தது. மேலிடத்து ஆர்டர் ஒன்று வந்தால் போதும், நேற்று வரை ஸ்டாம்பு விற்றவன் இன்றைக்கு மூட்டை தூக்குவான்.

ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், இந்த மாதிரி அழற்சியும் புது இழையும் வேற எதனாலயும் வருமா?"

"நல்ல கேள்வி. ஊசி குத்தின காயத்தால வரும். அடிக்கடி ஊசி போட்ட இடத்துல வெட்டினா இதே படம்தான் தெரியும். அது நோயோட படம் இல்ல, ஊசியோட படம். ஏமாந்துடுவோம். அதான் முதல்லயே கேட்டுடணும். இவர் போட்டுக்கலைன்னு சொல்லியிருக்கார்."

மச்சான் என் நாற்காலியை மேசையிலிருந்து ஒரு முழம் பின்னால் இழுத்துவிட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் மச்சான் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "மாப்ள, சொல்லிப்போடுவோமுங்க."

"என்னத்த சொல்றது?"

"நான் ஊசி போட்டத. அந்தம்மா பார்த்தது என்ர ஊசியத்தானோ என்னமோ."

"வாய மூடிட்டுப் பேசாம இருங்க மச்சான்!" என்று கத்தினேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சொல்ல வேண்டாம்னு சொன்னது நீங்க. இப்ப நல்ல சேதி வந்ததும் கெடுக்கறதும் நீங்களா? புள்ளைக்கு வராதுன்னு டாக்டரே சொல்லிப்போட்டாங்க. உடுங்க."

"என்ர பொழப்பு போனாப் போவுதுங்க..."

"உங்க பொழப்பப் பத்தி யாரு பேசினா?"

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எனக்கு அந்த நல்ல செய்தி வேண்டியிருந்தது. பொய்யாக இருந்தாலும் வேண்டியிருந்தது. மச்சானுக்கு வேறு கணக்கு. அவர் மகன் முருகனுக்குத்தான் கனகா என்று அவள் பிறந்த அன்றைக்கே இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தோம். எங்களில் முறைப்பையன் இருக்கும்போது வெளியே பார்ப்பது பெரிய மனத்தாங்கல். நோய் ரத்தத்தில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இருவரையும் சேர்த்துவைத்தால் நாளைக்கு அவர்கள் வயிற்றில் பிறப்பது? இதை அவர் அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை. நானாகப் புரிந்துகொள்ள இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் கஞ்சி வாங்கி வைப்பார், நான் குடிப்பேன். உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் படுக்கத் தோன்றியது. வார்டில் ஜன்னல்கள் மொத்தம் எத்தனை, எதில் எந்தக் கொக்கி இல்லை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆனது.

வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. டாக்டரம்மா மேசையில் உட்கார்ந்து மாத்திரைகளை எழுதினார். ஸ்டீராய்டு என்ற மருந்து. காவல் செல்களை அடக்கும், ஆனால் வருஷக் கணக்கில் சாப்பிட்டால் எலும்பை அரிக்கும், சர்க்கரையைக் கூட்டும் என்று விளக்கினார். கடைசி வரியையும் எழுதிவிட்டு நிமிர்ந்தார். "பொண்ணுக்கு டெஸ்ட் எதுவும் தேவையில்லைன்னு எழுதிட்டேன். நிம்மதியா போங்க."

நிம்மதி என்ற சொல்தான் என்னை உடைத்தது. "ஊசி போட்டேனுங்க" என்று வந்துவிட்டது. "இதே கையில. ரெண்டு மாசமா. வாராவாரம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். மச்சான் முன்னால் வந்து என் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே விரலை வைத்தார். "இங்கதானுங்க. நாந்தான் போட்டேன். எனக்குப் படிப்பு இல்லீங்க. என்னைய என்ன பண்ணணுமோ பண்ணுங்க, மாப்ளைய வைய வேண்டாம்."

வைதார். இரண்டு பேரையும் நன்றாக வைதார். "நான் மூணு தடவை கேட்டேனா இல்லையா?" என்று மேசையைத் தட்டினார். ஒரு தடவைதான் கேட்டார், ஆனால் திருத்துகிற இடத்தில் நாங்கள் இல்லை. பிறகு எழுதிய தாளை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, "இடது தொடையில ஊசி?" என்றார்.

"சத்தியமா இல்லீங்க," என்றோம் இருவரும் ஒரே குரலில். அவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது.

இடது தொடையில் வெட்டினார்கள். மறுபடி காத்திருப்பு. அந்தப் பத்து நாளில் மச்சான் எனக்குத் தலை சீவிவிட்டார், கால் நகம் வெட்டிவிட்டார். ஊருக்குப் போனதும் ஊசிப் பெட்டியை மூடிவிடப்போவதாகச் சொன்னார். சொன்னபடியே செய்தார், இப்போது அதே டீக்கடை முன்னால் அன்னாசி விற்கிறார்.

தொடைத் துண்டில் அழற்சி இல்லை. பிறவிக் கோளாறுதான். டாக்டரம்மா இந்த முறை மாணவர்கள் இல்லாமல் தனியாக வந்து, கட்டிலில் என் காலடியில் உட்கார்ந்து சொன்னார்.

"அப்ப அந்தத் தூங்கற செல்லுங்க எனக்கு முழிக்கலைங்களா?" என்று கேட்டேன்.

"முழிக்குது செல்லமுத்து. ஆணையிடற ஜீனெல்லாம் உங்களுக்கு நல்லாவே இருக்கு. புது இழையைக் கட்டிக்கிட்டேதான் இருக்கு. ஆனா இழையோட சுவரை எப்படிக் கட்டணும்னு சொல்ற ஜீன் பழுது. அதே பழுதான வரைபடத்தை வெச்சுத்தான் புதுசையும் கட்டுது. அதுவும் உடையுது. திரும்பக் கட்டுது. ஒரு நாள் ஓய்ஞ்சு போகும். ரொம்ப மெதுவா. உங்களுக்கு இன்னும் நிறைய வருஷம் இருக்கு."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. என் உடம்பின் மேல்கூட வரவில்லை. நான் தூங்கும்போதும் அது இடிந்த சுவரைக் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, நான் அதைச் சோம்பேறி என்று வைதுகொண்டிருந்தேன். அழுகை வந்தது. அழுதேன். மச்சான் முகத்தைத் துடைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு கனகா வந்தாள். மறுநாள் அவளுக்கு ரத்தம் எடுத்தார்கள். இந்த நோய் இருந்தால் ஒன்பது வயதிலேயே சி.பி.கே. ஏறி நிற்குமாம். ஊசி குத்தும்போது அவள் மாமனைப் பார்த்து, "நீங்க போட்டா வலிக்காதுங்க மாமா" என்றாள். மச்சான் வெளியே போய்விட்டார். ரிசல்ட்டைத் தபாலில் அனுப்புகிறோம், ஊருக்குப் போங்கள் என்றார் டாக்டரம்மா.

எனக்கு லீவு முடியவில்லை. ராசாத்திதான் தபால் கொண்டுபோனாள். தினமும் அவள் திரும்பும் நேரத்துக்கு வாசலில் நின்று, "வந்துதா?" என்பேன். "வந்தா குடுக்க மாட்டனா?" என்பாள். பன்னிரண்டு வருஷமாக என்னிடம் இதே கேள்வியைக் கேட்ட சனங்களுக்கு நான் எவ்வளவு எரிச்சலோடு பதில் சொல்லியிருக்கிறேன்!

பதினோராம் நாள் சாயங்காலம் பையோடு வந்தவள் ஒரு ரிஜிஸ்டர் கவரை எடுத்தாள். ஆஸ்பத்திரி முத்திரை.

"எப்ப வந்துது இது?"

"காலைல பையிலயே இருந்துது."

"காலைலயா? நாள் பூரா சுமந்துட்டுத் திரிஞ்சியா? நேரா ஊட்டுக்கு வரத் தெரியாதா உனக்கு?"

"நம்ம ஊடு லைன்ல கடைசி. நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க, வரிசை மாத்தக் கூடாதுன்னு." கவரைத் திருப்பி முகவரியைக் காட்டினாள். "பிரிச்சுப் பார்க்கலீங்க. உங்க பேரு போட்டிருக்குது. கையெழுத்துப் போட்டுட்டு வாங்குங்க."

போட்டேன். திண்ணையில் உட்கார்ந்து பிரித்தேன். ஒரே பக்கம்தான். கனகாவின் நொதி அளவு சரியாக இருக்கிறது. அவளுக்கு இந்த நோய் இல்லை என்றே கொள்ளலாம். ராசாத்தி பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. பழுதான ஜீன் என்னிடமிருந்து அவளுக்கு ஒன்று வந்திருக்கும், அதனால் அவளுக்குத் தொந்தரவு இல்லை. ஆனால் அவளைச் சொந்தத்தில் மட்டும் கட்டிக்கொடுக்க வேண்டாம். அதையும் வாசித்தேன்.

பிறகு ராசாத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை என் கையிலிருந்து வாங்கினாள். "அண்ணனூட்டுக்கு நான் போயிச் சொல்லிப்போட்டு வாரேன்."

"அவருக்குத் தெரியும். எனக்கு முன்னாடியே தெரியும்," என்றேன். "நானும் வாரேன், இரு."

தொடையில் கை ஊன்றி எழப் பார்த்தேன். முடியவில்லை. வாசலில் கல்லாட்டம் ஆடிக்கொண்டிருந்த கனகா ஓடிவந்து, என் முன்னால் காலை அகல வைத்து நின்று இரண்டு கையையும் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். ஒரே இழுப்புதான், எழுந்து நின்றுவிட்டேன். மணிக்கட்டு வலித்தது. அவ்வளவு பலம் அவளுக்கு.